பத்துப் பவுண்டா முப்பதா

வண்டியை வேப்பமர நிழலில் சாய்த்து நிறுத்திவிட்டுச் சிகாமணி கடைக்குள் வருவதற்குள் ஞானராஜ் அந்த ரீலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டிருந்தார். பார்த்ததும் சிகாமணிக்குத் தொண்டையில் மீன்முள் குத்தி நின்ற மாதிரி ஆகிவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ரீல், இரண்டாயிரத்து ஐந்நூறு நம்பர், கறுப்பு உடம்பு, அதில் சுற்றியிருக்கிற மஞ்சள் பின்னல் நூல், அவ்வளவுதான், கடித்துத் தின்னப்போவதில்லை, ஆனாலும் எட்டு மாதமாக ஞானராஜின் பீரோவுக்குள் வேட்டிகளுக்கு அடியில் கிடந்த பொருள் அது, கிடந்தபடியே கிடந்து துருப்பிடித்து ஒழியட்டும் என்று சிகாமணி வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டிருந்தார், இரண்டு இடத்திலும் காதில் விழவில்லை. “பழைய நூலை உருவிட்டுப் புதுசு போடணும் பாய்” என்று ஞானராஜ் சொல்லிக்கொண்டிருந்தார், தூண்டில் கடை நெய்னா பாய் மேசைக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உருவினால் முனை வெளியே வரும். முனை வெளியே வந்தால் நெய்னா பாய் பார்ப்பார். முப்பது வருஷமாக நூலோடு புழங்குகிற கண், ஒரே பார்வை போதும், அண்ணாச்சி இது அறுந்த நூல் இல்லையே, அறுத்த நூல்லா என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு எழுத்து. ந் இருக்கவேண்டிய இடத்தில் த். அந்த ஒரு எழுத்து மாறிவிட்டால் பத்தொன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு, புன்னைக்காயல் ஆற்றுமுகம் போச்சு, வண்டியின் பின்சீட்டில் இரண்டு தூண்டில் கம்பையும் வேல் மாதிரி நட்டுப் பிடித்துக்கொண்டு வழி நெடுக இருமிக்கொண்டு வருகிற ஞானராஜ் போச்சு, இந்தத் தூத்துக்குடியில் தன்னை ‘வே’ என்று கூப்பிட மிச்சமிருக்கிற ஒரே ஆள் போச்சு.

“என்னவே வாசல்லயே நிக்கீரு, செருப்பத் தொலச்சிட்டீரா? வந்து எத்தனை பவுண்டு போடலாம்னு சொல்லும். என் கைராசிதான் சரியில்லைன்னு தெரிஞ்சி போச்சுல்லா” என்றார் ஞானராஜ். கைராசியாம். கம்பவுண்டராக இருந்து ஊருக்கே மாத்திரை எண்ணிக் கொடுத்த கை, ஒரு மாத்திரை கூடினதில்லை குறைந்ததில்லை, அந்தக் கையைத்தான் எட்டு மாதமாக அவர் திட்டிக்கொண்டிருக்கிறார். சிகாமணி உள்ளே வந்தார், மேசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க நூல்கண்டுகள், பச்சை, மஞ்சள், சாம்பல், ஐந்து நிறம் மாறி மாறி வருகிறது ஒன்று, ஒவ்வொன்றின் வயிற்றிலும் அது தாங்குகிற பவுண்டுக் கணக்கு ஓர் எண்ணாக, எட்டு, பத்து, பதினைந்து, இருபது, முப்பது, ஐம்பது. எண்ணைப் பார்த்தால் சிகாமணிக்கு எடை ஞாபகம் வரும், வராமல் எப்படி, முப்பத்தோரு வருஷம் உப்பு லாரிகளை நிறுத்த எடைமேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த மனுஷன், லாரி மேடையில் ஏறும்போது டயர் அமுங்குகிற அழகைப் பார்த்தே டன் கணக்கைச் சொல்லிவிடுவார், இயந்திரம் பிற்பாடுதான் அதை ஒப்புக்கொள்ளும். பத்துப் பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. முப்பது என்றால் பதின்மூன்றரை. “முப்பது” என்று சொன்னார், சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. நெய்னா பாய் சிரித்தார். “அண்ணாச்சி, இந்தக் குட்டி ரீலுக்கு முப்பதா? வள்ளத்தைக் கட்டிப்போடப் போறீயளா? முப்பதைச் சுத்துனா நூறு மீட்டர்கூட ஏறாதே, வீசுனா எட்டாதே.” எட்டாது, தெரியும், சிகாமணிக்குத் தெரியாதா, சின்ன ரீலுக்குப் பத்துப் போதும், மிஞ்சிப்போனால் பதினைந்து, மெல்லிசு நூல்தான் காற்றை அறுத்துக்கொண்டு தூரம் போகும், இதெல்லாம் ஞானராஜுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் இப்போது பத்துப் போதும் என்று சொன்னால் அன்றைக்கும் பத்துப் போதும் என்றாகிவிடும், அன்றைக்குப் போதுமென்றால் அன்றைக்கு அறுந்திருக்கக் கூடாது, அறுந்திருக்கக் கூடாதென்றால், ஆமாம், அங்கேதான் போய் முட்டும், எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் அதே சுவர். “பெரிய மீனு நிக்குற எடம் பாய், பலம் வேணும்” என்றார். குரல் எடைமேடைக் குரலாக இல்லை, ஆற்றங்கரைக் குரலாக இருந்தது.

அவருக்கு இரண்டு குரல் உண்டு. கூண்டுக்குள் ஐந்து கிலோ பிசகியதில்லை, இயந்திரத்தின் முன்னால் பொய் எடுபடாது, அப்படி ஆறு நாளும் எடுபடாமல் வயிற்றுக்குள் சேர்ந்த பொய்யை எல்லாம் ஏழாம் நாள் ஆற்றங்கரையில் அவிழ்த்து விடுவார், கோழிகளைத் திறந்துவிடுகிற மாதிரி. ஞானராஜ் கேட்பார். அந்த மனுஷனுக்குக் கேட்க வரும், அது ஒரு கொடுப்பினை. முதல் ஞாயிற்றுக்கிழமை சொன்னது கொடுவா மீன் கதை, சுனாமிக்கு மறுவருஷம் சிகாமணி தனியாகப் பிடித்த கொடுவா, அவரையும் வள்ளத்தையும் சேர்த்து ஆற்றோடு இழுத்துக்கொண்டு பழையகாயல் வரைக்கும் போய், அங்கே கரையோர டீக்கடைக்கு நேராக நின்று மூச்சு வாங்கியது, அவரும் ஒரு டீ சொன்னார், குடித்து முடிக்கும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தது, கிளாசைக் கீழே வைத்த சத்தம் கேட்டதும் மறுபடி இழுத்தது. கடைசியில் கரையேற்றும்போது நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் சொன்னபோது ஒன்பது கிலோ. பிறகு பதினொன்று. மகள் கல்யாணத்தின்போது பதினேழு இருந்தது. இந்த வருஷம் இருபத்தாறு. உயிரோடு இருக்கிற மீன்கூட அப்படி வளராது, இது சிகாமணி வாயிலேயே இரை தின்று வளர்ந்தது. பொய் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அந்த டீயின் சூடு இப்போதும் நாக்கில் இருக்கிறது, ஏலக்காய் போட்டிருந்தான், எப்படிப் பொய்யாகும். வீட்டில் மனைவி வடிவு அந்தக் கதையைத் தொடங்கினாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஞானராஜ் மட்டும் “பொறவு?” என்பார், பத்தொன்பது வருஷமும் அதே இடத்தில் அதே “பொறவு?”, அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் சிகாமணி காலை நாலரைக்கு எழுந்து வண்டியை மிதித்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

“இப்ப எத்தனை இருக்கு இதுல, பத்தா?” என்று நெய்னா பாய் ரீலைக் கையில் எடுத்தார், சிகாமணியின் கண் தானாகவே அங்கே போனது, போகாதே என்றால் கேட்கிறதா. ரப்பர் வளையம் கழன்றிருந்தது. முனை எங்கே, தெரியவில்லை, சுற்றுக்குள் எங்கேயோ மடங்கிக் கிடக்கிறது. “பத்துதான் பாய், அதான் நான் செஞ்ச மடத்தனம்” என்றார் ஞானராஜ், எட்டு மாதமாக வீட்டில், கோயிலில், காய்கறிக் கடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. “அரை ஆள் நீளம் பாய். நான் தண்ணிக்குள்ள நிக்கேன், இடுப்பளவு. நூலு ஆத்துக்குள்ள நட்டிருந்த பழைய கழியில சுத்திக்கிட்டு, எடுத்துவிடப் போனேன். கம்பு இவரு கையில. மீனு ஒரு துள்ளு துள்ளிச்சு பாருங்க.” துள்ளியது. சிகாமணி பார்த்தார், இப்போதும் பார்க்கிறார், கடைச் சுவரில் நூல்கண்டுகளுக்கு நடுவே துள்ளுகிறது, இரண்டு செவுளும் விரியத் தலையை உதறிய சத்தம், பழைய தகரக் கதவைப் பிடித்து உலுக்கிய மாதிரி, சிவந்த கண் ஒன்று நேராக அவரையே பார்த்தது, எடை என்ன என்று அவர் கேட்கவில்லை, உடம்பு தானாகவே நிறுத்துவிட்டது, பன்னிரண்டு, பன்னிரண்டரை, முப்பத்தோரு வருஷப் பழக்கம், பிசகாது. கம்பின் நடுக்கம் கைப்பிடி வழியாக முழங்கைக்கு ஏறித் தோளுக்கு ஏறிப் பல்லுக்குள் வந்து நின்றது. இதுதான் அது. இப்படித்தான் இருக்குமா. இத்தனை வருஷம் சொன்ன கதையில் இந்த நடுக்கத்தை அவர் சொல்லவே இல்லை, ஏனென்றால் தெரியாது. ஞானராஜ் தண்ணீருக்குள் நின்று திரும்பிப் பார்த்தார், முகம் முழுக்கப் பல், “பாத்தீரா வே! பாத்தீரா!” என்றார், பிள்ளை பிறந்த சேதி கேட்டவன் மாதிரி. அந்த நொடியில் சிகாமணி அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தார். கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞானராஜ் பேசுகிறார். தராசில் வைத்து நிறுத்த மீன், போட்டோ எடுத்த மீன், நாலு வீட்டுக்குப் பங்கு போன மீன். சிகாமணி “பொறவு?” என்கிறார். அப்புறம் இருபத்தாறு கிலோ எங்கே போகும், டீக்கடை எங்கே போகும், உண்மையான பன்னிரண்டு கிலோ வந்து உட்கார்ந்த கரையில் அதற்கு இடம் ஏது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் நகவெட்டி தொங்கியது, நூல் முடிச்சை நறுக்க எல்லோரும் மாட்டிக்கொள்வது. கை அதை எடுத்தது. கைதான் எடுத்தது. இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி மாதிரி நின்ற நூலில் அதன் வாய் பட்டது, அழுத்தக்கூட இல்லை, டிக். அவ்வளவுதான், ஒரு நகத்தின் சத்தம். தண்ணீருக்குள் ஞானராஜின் விரலுக்கு மேல் போய்க்கொண்டிருந்த நூல் தொய்ந்தது. “அறுந்துட்டு வே” என்று கத்தினது யார், அவர்தான், அதற்குள் அவ்வளவு துக்கம் அந்தக் குரலில் எங்கிருந்து வந்தது.

“கைல நூலு செத்துப்போச்சு பாய்” என்று ஞானராஜ் முடித்தார். நெய்னா பாய் ரீலின் தலையில் நூலை இறுக்கிப் பிடிக்கிற டிராக் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், நூலைப் பிடித்துச் சுண்டி இழுத்தார், ரீல் கிர்ரென்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. “டிராக்கு அன்னைக்கி வச்சபடியேதான் இருக்கா அண்ணாச்சி?” “தொடவே இல்ல பாய்.” “அப்படின்னா ஒண்ணரைக் கிலோ இழுத்தாலே ரீலு வழுக்கி நூலை விட்டுக்கொடுத்திருக்கணும். நூலு தாங்குறது நாலரை. ஒண்ணரையில வழுக்குறப்ப நாலரை எப்படி அறும்?” சிகாமணிக்கு முதுகில் வேர்வை ஒரு பூரான் மாதிரி இறங்கியது. இதைத்தான் பயந்தார், கூட்டல் கழித்தல் தெரிந்த எவனும் கேட்கக்கூடிய கேள்வி, எட்டு மாதமாக ஒருவனும் கேட்கவில்லை, எல்லாரும் ஐயோ பாவம் என்றுதான் சொன்னார்கள், ஐயோ பாவத்துக்குக் கணக்குத் தேவையில்லை. “நூலு போற கம்பு வளையத்துல கீறல் இருந்திருக்கும்” என்றார் அவசரமாக. “அதையும் பாத்தேன்வே” என்றார் ஞானராஜ் அமைதியாக, “நீரு அன்னைக்கே சொன்னீரே. பஞ்சை உருட்டி ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு விட்டு எடுத்தேன், கீறல் இருந்தா பஞ்சு பிடிக்கும்லா. ஒரு மாசம் பாத்தேன். ஒரு இழைகூடப் பிடிக்கல.” ஒரு மாதம். சிகாமணிக்குத் தெரியும், ஞானராஜின் மனைவி ரெஜினா போன் பண்ணிச் சொன்னாள், அண்ணே உங்க சிநேகிதர் ராத்திரியானா கம்பை மடியில போட்டுக்கிட்டுப் பஞ்சும் கையுமா உக்காந்திருக்காரு, ஆசுபத்திரி ஞாபகம் வந்துட்டான்னு பயமா இருக்கு, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க என்று. போனார். சொன்னார். எல்லா வார்த்தையும் சொன்னார், அந்த ஒன்றைத் தவிர.

குறைந்தது, குறைத்தது. எடைச்சீட்டில் அப்படித்தான் எழுதுவார், ஈரம் வடிந்து எடை குறைந்தது என்று, ஒருநாள் புது மேனேஜர் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறைந்ததா குறைத்ததா என்று கேட்டான், ரோஷம் பொங்கிக்கொண்டு வந்தது சிகாமணிக்கு, அன்றைக்கு உண்மையிலேயே குறைந்ததுதான், அதனால் ரோஷப்பட முடிந்தது. வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தது. அண்ணன் தம்பி பிரிந்தார்கள். பால் பொங்கியது. தமிழில் எவ்வளவு சௌகரியம் வைத்திருக்கிறார்கள், ஆளே இல்லாமல் எல்லாம் தானாக நடக்கும், உடைந்து, பிரிந்து, அறுந்து, ஒரு மூக்கெழுத்தைப் போட்டுவிட்டால் போதும், கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம். ஆனால் வேறொரு வழியும் இருந்தது, இதைப் பல நாள் படுக்கையில் தயார் பண்ணி வைத்திருந்தார், நல்ல கதை, நம்பக்கூடிய கதை. ஞானராஜ் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், ஓதம் வற்றுகிற நேரம், வெள்ளம் கடலைப் பார்த்து இழுக்கிறது, நூல் அவர் கையில் சுற்றிக்கொள்கிறது, மீன் ஓர் இழுப்பு இழுத்தால் ஆள் சேர்ந்து போவான், உயிரா மீனா, சிகாமணி நகவெட்டியை எடுக்கிறார். அறுத்தேன் வே, உம்ம உயிருக்காக அறுத்தேன், சொன்னா நீரு வருத்தப்படுவீருன்னு மறைச்சேன். எவ்வளவு அருமையாக வந்திருக்கிறது. நாலைந்து தடவை சொன்னால் தண்ணீர் கழுத்தளவு ஆகிவிடும், ஒரு சுறாவும் வந்து சேரும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது அது. வந்து நின்றது. ஞானராஜ் நூல்கண்டு ஒன்றை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் விரல் வெளுத்தது, விட்டதும் சிவந்தது, மறுபடி இழுத்தார். அறுகிறதா என்று பார்க்கிறார். எந்தக் கடைக்குப் போனாலும் இப்படித்தான் செய்கிறார் என்று ரெஜினா சொன்னாள், பூக்கடையில் பூக்கட்டுகிற நாரைக்கூட.

நெய்னா பாய் எழுந்தார். “பதினஞ்சு பவுண்டு மஞ்சள் உள்ளதான் இருக்கு, எடுத்துட்டு வாரேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நூலு எதனால போச்சுன்னு மண்டையக் கொடையாதீய அண்ணாச்சி. முனையைப் பாத்தா தெரிஞ்சிரும். பலம் பத்தாம அறுந்தா பஞ்சு மாதிரி பிரிஞ்சி நிக்கும், ஒவ்வொரு இழையும் ஒரு நீளம். முடிச்சு நழுவுனா பன்னி வாலு மாதிரி சுருண்டிருக்கும். கத்தி பட்டா மொட்டையா இருக்கும். நான் முனையைப் பாத்தே சாதகம் சொல்லுவேன்” என்று பேசிக்கொண்டே திரையை விலக்கி உள்ளே போனார், உள்ளே ஏணியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. “நல்லதாப் போச்சு” என்றார் ஞானராஜ், “வந்து நம்ம முனையப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிரட்டும். பஞ்சுன்னா என் மடத்தனம், பத்துப் பவுண்டு போட்டது. பன்னிவாலுன்னாலும் என் மடத்தனம், முடிச்சுப் போட்டது. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாப் போதும், நிம்மதியாத் தூங்குவேன்.” மூன்றாவதை அவர் எண்ணவே இல்லை. பன்னிவால், பஞ்சு, இரண்டையும் விரல் மடக்கிச் சொன்னார், மூன்றாவது விரல் மடங்காமல் நீட்டி நின்றது, அதைப் பார்த்தபடி சிகாமணி ஏணி சத்தத்தைக் கேட்டார், பாய் ஏறுகிறார், இன்னும் ஒரு நிமிஷம், இறங்குவார், வந்து மேசை விளக்கைப் போடுவார், முனையைத் தூக்கிப் பிடிப்பார், மொட்டை என்பார், அப்போது ஞானராஜ் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வையை எந்தத் தராசில் வைப்பது. பிறத்தியான் வாயால் வருவதற்கு முன்னால். ஒரு நிமிஷம் முன்னால் என்றாலும் முன்னால்தானே.

“நான்தான் வே அறுத்தேன்.” மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “எதை?” என்றார் ஞானராஜ். “உம்ம நூலை. அன்னைக்கி. அது அறுந்து போவல. நகவெட்டியால நான் அறுத்தேன்.” ஞானராஜ் கண்டைக் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை, சுத்தமாகத் துடைத்த மேடை மாதிரி இருந்தது, சிகாமணி அதில் ஏதாவது வந்து ஏறுமா என்று பார்த்துக்கொண்டே நின்றார். “எதுக்குவே?” உயிர், வெள்ளம், சுறா, எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நின்றன, கூப்பிட்டால் போதும். கூப்பிடவில்லை. “உம்ம மீனு என் மீனைவிடப் பெருசா இருந்துச்சு” என்றார். சொன்னதும் நெஞ்சில் இருந்து ஒரு லோடு இறங்கிய மாதிரிதான் இருந்தது, ஒரு நொடி. அடுத்த நொடி ஞானராஜின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. “உம்ம மீனா? உம்ம மீனு எங்கவே இருக்கு, பெருசு சிறுசு சொல்லுததுக்கு? ரெஜினாகிட்ட கேளும். ஞாயித்துக்கெழம நான் வீட்டுல கால வச்சதும் அவ கேக்குற மொதக் கேள்வி, இன்னைக்கி சிகாமணி அண்ணன் மீனு எத்தனை கிலோ? காலண்டர்ல குறிச்சிக்கிட்டே வாரா. தீபாவளிக்கு முப்பது ஆயிரும்னு எங்களுக்குள்ள பந்தயம்.” தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷத்துப் “பொறவு?” ஒவ்வொன்றும் தெரிந்தே கேட்டது. இல்லாத மீனைக் காப்பாற்றத்தான் இருந்த மீனை அறுத்தார், அது இல்லாதது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆற்றங்கரைக்கே வராத ரெஜினாவுக்குக்கூட. சிகாமணிக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, முக்காலி எங்கே என்று பார்த்தார், ஞானராஜின் கை வந்து தோளில் விழுந்தது. “எனக்குத் தெரியும்வே. எட்டு மாசமா நான் படுத பாட்டைப் பாக்கீரு. பாய் வந்து என் தப்புன்னு சொல்லிருவாருன்னு பயந்து, அதுக்குள்ள பழியைத் தூக்கி உம்ம தலையில வச்சிக்கிடுதீரு. இந்த மனசு எவனுக்கு வரும்?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண் கலங்கியிருந்தது. “ஆனா கதைய இன்னும் கொஞ்சம் நல்லா ஜோடிச்சிருக்கலாம். உம்ம தரத்துக்கு இது கம்மி.”

“இல்லவே, சத்தியமா” என்றார் சிகாமணி, சத்தியமா என்ற சொல்லை டீக்கடைக் கதையில் மூன்று இடத்தில் போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. வடிவு மேல, பிள்ளைக மேல, எல்லாச் சத்தியமும் தீர்ந்துபோயிருந்தது, ஆற்றங்கரையில் செலவழித்துவிட்டார். திரை விலகியது, நெய்னா பாய் கையில் இரண்டு கண்டோடு வந்தார், யாரைப் பார்த்து இத்தனை நேரம் நடுங்கினாரோ அந்த மனுஷனைப் பார்த்ததும் சிகாமணிக்குப் பெற்ற தகப்பனைக் கண்ட மாதிரி இருந்தது. “பாய், அந்த முனையப் பாத்துச் சொல்லும். இந்தா, இவரு ரீலு. மொட்டையா இருக்கும், பாரும், பாத்து இவருகிட்டச் சொல்லும்” என்று ரீலை எடுத்து அவர் கையில் திணித்தார். “எந்த முனை அண்ணாச்சி?” “பழைய நூலு முனைதான், சாதகம் சொல்லுவேன்னீரே!” நெய்னா பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அதை நீங்க வண்டிய நிறுத்திட்டு வர்றதுக்கு முந்தியே, அண்ணாச்சி வாசலப் பாத்துக்கிட்டு நிக்கையிலேயே நறுக்கிப் போட்டுட்டேனே. முனைப்பக்கம் ஒரு முழம் எப்பவும் நைஞ்சிருக்கும், கத்தரிச்சிட்டுத்தான் உருவவே ஆரம்பிப்பேன். சமாச்சாரத்தை அண்ணாச்சி பொறவுதானே சொன்னாரு.” காலால் மேசைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியைக் காட்டினார். உள்ளே வருவதற்கு முன்னாலேயே. அப்படியானால் இந்த அரைமணி நேரம், பூரான், முள், முப்பது பவுண்டு, ஏணி, எல்லாம் இல்லாத ஒரு முனைக்காகப் பட்டது. இல்லாத மீன், இல்லாத முனை, எப்போதும் இல்லாததோடுதான் அவருக்குக் குடித்தனம்.

சிகாமணி தரையில் குந்தினார், முழங்கால் இரண்டும் சொடுக்கியது, வாளிக்குள் கையை விட்டார். சவரக் கடையில் கூட்டிவைத்த மயிர் மாதிரி நூல் துண்டுகள், பச்சை, சாம்பல், வெள்ளை, மஞ்சள்தான் அதிகம், இந்த ஊரில் எல்லாரும் மஞ்சள்தான் போடுகிறார்கள் போல. ஒரு மஞ்சளை எடுத்தார், முனை மொட்டை. இன்னொன்று, மொட்டை. இன்னொன்று. வாளி முழுக்க மொட்டை, எல்லாமே கத்தரி பட்டது, அறுந்தது என்று சொல்ல அதற்குள் ஒரு துண்டு இல்லை. “என்னவே செய்யுதீரு, எழும்பும், கையக் கிழிச்சிரும்” என்று ஞானராஜ் குனிந்தார். ஒரு முழம் இருக்கிற மஞ்சள் துண்டு ஒன்று கையில் வந்தது. இதுவாக இருக்கலாம். மேலாகத்தான் கிடந்தது, இதற்கு மேலேயும் இரண்டு கிடந்தன. “இதுதான்” என்றார் சிகாமணி, “இதேதான் வே, எனக்குத் தெரியும்.” இருபத்தாறு கிலோவைச் சொல்லும்போது ஒருநாளும் நடுங்காத குரல் நடுங்கியது. ஞானராஜ் அதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார், ஒரு முனையைப் பார்த்தார், மறுமுனையைப் பார்த்தார், மறுபடி முதல் முனைக்கு வந்தார், கம்பவுண்டர் பார்வை, அவசரமே இல்லை. “ரெண்டு முனையும் மொட்டையால்லா இருக்கு. இதுல எது நீரு வெட்டுனது, எது பாய் வெட்டுனது?” நெய்னா பாய்க்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. ஞானராஜும் சிரித்தார், எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு, இருமலும் சிரிப்புமாக மேசையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று திரும்பிப் பார்த்தபோது இருந்த அத்தனை பல்லும் தெரிய. “முப்பதே போடுங்க பாய்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எட்டாட்டாலும் போவுது. இவரு எனக்காவ இவ்வளவு சொல்லுதாரு, இவரு வாக்கைத் தட்டக் கூடாது.” பாய் பழைய நூலை உருவத் தொடங்கினார், ரீலின் கைப்பிடி கிறுகிறுவென்று சுற்றியது. ஞானராஜ் அந்தத் துண்டைச் சிகாமணியின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தபடியே இருந்தார், சும்மா சொல்லும்வே, எதுன்னு சொல்லும் என்று. சிகாமணி ஒரு முனையைத் தொட்டுக் காட்டினார். தொட்ட பிறகு, மற்றதாகவும் இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது.